பாதி நாளில் படுத்துவிடும் கைப்பேசி

“காலையில நூறு இருந்துச்சு அண்ணே. பெரட்டு முடிஞ்சு காட்டுக்குள்ள போயி, பசியாற உட்கார்றப்போ பார்த்தா முப்பதுதான் இருக்கு. ஒரு ஆளுக்கும் போன் பண்ணலே, ஒரு படமும் பார்க்கலே. சாமான் கெட்டுப் போச்சுன்னுதான் நெனைக்கிறேன்.”

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் புலம்பல் காதில் விழுகிறது. வடக்கே சபாக் பெர்ணம் வரைக்கும், கிழக்கே உலு சிலாங்கூர் மலையடிவாரம் வரைக்கும் இதே கதைதான். “பட்டணத்துல இருக்கிற என் மகனும் இதே போன்தான் வச்சிருக்கான். அவனுக்கு ராத்திரி வரைக்கும் நிக்குது. எனக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?” என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் உண்டு. அது தெரியாததால்தான் நம்மில் பலர் நல்ல போனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தவணையில் புதுப் போன் வாங்குகிறோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் வருஷம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் அரை மாதச் சம்பளத்தை ஒரு போனுக்குக் கொடுப்பதற்கு முன்னால், கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது அல்லவா?

இது சின்ன விஷயமல்ல

கைப்பேசி ஒரு காலத்தில் பணக்காரர் பொருள். இன்று அது நமக்குச் சபிட்டைப் போல, சைக்கிளைப் போல ஒரு வேலைச் சாமான். சம்பளம் பேங்கில் விழுகிறது. சேமநிதிக் கணக்கைப் போனில் பார்க்கிறோம். அரசாங்க உதவித் தொகைக்கு மனுச் செய்வதும் அதில்தான். பிள்ளையின் பள்ளிக்கூடத்துச் செய்தி வருவதும் அதில்தான். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, லயத்து வீட்டில் இருந்த ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடம் படித்ததை மறந்துவிட முடியுமா?

இவையெல்லாம் சாயங்காலம் வரை காத்திருக்கும். காத்திருக்காத காரியம் ஒன்று உண்டு. குலை வெட்டும்போது மட்டை விழுந்து அடிபடலாம். உதிரிப் பழம் பொறுக்கும்போது பாம்பு தீண்டலாம். கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. சபாக் பெர்ணம் பக்கத்தாருக்குத் தெங்கு அம்புவான் ஜெமாஆ ஆஸ்பத்திரி. உலு சிலாங்கூர்க்காரர்களுக்குக் கோல குபு பாரு. உள் டிவிஷனிலிருந்து செம்மண் சாலையில் வெளியே வரவே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் சட்டைப் பையில் இருக்கும் போன் செத்துக் கிடந்தால், ஒருவர் ஆபீசுக்கு ஓடித்தான் சொல்ல வேண்டும். ஆகவே, பேட்டரி நிற்பதும் நிற்காததும் நமக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் குற்றவாளி: தூரத்துக் கோபுரம்

போனில் பேசாவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. “நான் இங்கே இருக்கிறேன்” என்று கோபுரத்துக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமானால் மெல்லச் சொன்னால் போதும். அடுத்த டிவிஷனில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். போனும் அப்படித்தான். கோபுரம் அருகில் இருந்தால் மிகக் குறைந்த சக்தியில் அனுப்பும். தூரத்தில் இருந்தால் தன் முழுச் சக்தியையும் போட்டு அனுப்பும். அலை சுத்தமாக அறுந்துவிட்டால், விட்டுவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும்.

நம் காடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. வளர்ந்த செம்பனையின் மட்டைகள் குடை போல் மூடிக்கொள்கின்றன. ஈரம் நிறைந்த அந்த இலைக் கூட்டம் அலையை உறிஞ்சிவிடுகிறது. மழை பெய்து இலை நனைந்த நாளிலும், பள்ளத்துக்குள் இறங்கியபோதும் கோடு குறைவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். பட்டணத்து மகனின் போன் நாள் முழுக்க மெல்லப் பேசுகிறது. நம் போன் நாள் முழுக்கக் கத்துகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

2021ஆம் வருஷக் கடைசியோடு நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு 4ஜி எட்டாத இடத்தில் போன் 2ஜிக்கு இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 4ஜியைத் தேடி ஏறுகிறது. இப்படி ஏறி இறங்குவதும் பேட்டரியைத் தின்னும்.

என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் டிவிஷனில் எந்தக் கம்பெனியின் அலை நன்றாக எட்டுகிறது என்று பக்கத்தில் வேலை செய்பவர்களின் போனையெல்லாம் ஒரு நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணம் மலிவு என்று வாங்கிய சிம் காட்டுக்குள் எட்டவில்லையென்றால் அது மலிவே அல்ல.

இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டும் தனித்தனியே தேடும். காட்டுக்குள் எட்டாத சிம்மை வேலை நேரத்தில் அணைத்து வையுங்கள்.

கோடு ஒன்றோ இரண்டோ இருக்கும் இடத்தில் போனை அணைக்க வேண்டாம். டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள், அழைப்பு வரும். 5ஜி வசதியுள்ள போனாக இருந்து, உங்கள் பக்கம் 5ஜி எட்டாவிட்டால், நெட்வொர்க்கை 4ஜி என்று மாற்றி வையுங்கள்.

சுத்தமாக அலையே இல்லாத இடத்தில் விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்திவிடுங்கள். அங்கே எப்படியும் அழைப்பு வரப்போவதில்லை; தேடுகிற வீண் செலவாவது மிஞ்சும். பசியாறும் நேரத்திலும் வேலை முடிந்தும் மறுபடி திறக்க வேண்டும். எந்தப் பக்கம் வேலை செய்கிறோம் என்று மண்டோரிடமும் சொல்லி வைக்க வேண்டும். தனியாக வேலை செய்பவர் இதைச் செய்யவே கூடாது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். உங்கள் கம்பெனியின் அலை இல்லாவிட்டாலும், வேறு கம்பெனியின் அலை அந்த இடத்தில் இருந்தால் 999 என்ற அவசர எண்ணுக்கு அழைப்புப் போகும். “கோடு இல்லையே” என்று முயற்சி செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு ராத்திரிச் சோதனை

பேட்டரி கெட்டதா, அலைதான் தின்கிறதா என்று கடைக்காரரைக் கேட்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காசு செலவில்லை.

முதல் ராத்திரி படுக்கும்போது போனை நிறையச் சார்ஜ் செய்து, ஒயரைக் கழற்றி, விமானப் பொத்தானை அழுத்தி வைத்துவிடுங்கள். (வீட்டில் வேறொரு போனாவது திறந்திருக்கட்டும்.) விடியற்காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ராத்திரி அதே மாதிரி நிறையச் சார்ஜ் செய்து, விமானப் பொத்தானைப் போடாமல், டேட்டாவும் திறந்தபடி வையுங்கள். மறுபடி குறியுங்கள்.

முதல் ராத்திரி இரண்டு மூன்று விழுக்காடு மட்டும் இறங்கி, இரண்டாம் ராத்திரி பதினைந்து இருபது இறங்கினால் பேட்டரி மேல் குற்றமில்லை. அலையும், டேட்டா வழியாக உள்ளே ஓடும் செயலிகளும்தான் தின்கின்றன. முதல் ராத்திரியே பத்துக்கு மேல் இறங்கினால், ஒன்று பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அல்லது ஏதோ ஒரு செயலி தூங்காமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தூங்காத செயலிகள்

அது எந்தச் செயலி என்று போனே சொல்லும். செட்டிங்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். மலாயில் வைத்திருந்தால் ‘தெத்தாப்பான்’, தமிழில் வைத்திருந்தால் ‘அமைப்புகள்’ என்று இருக்கும். அதற்குள் பேட்டரி என்ற பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று கிராணி செக்ரோல் எழுதியதுபோல் வரிசையாகக் காட்டும். நாம் தொடாத செயலி மேல் வரிசையில் இருந்தால், அதுதான் கள்ளன்.

பெரிய கம்பெனிகளும் இதில் தவறியிருக்கின்றன. 2015ஆம் வருஷம் ஐபோனில் ஃபேஸ்புக் செயலி மூடியிருக்கும்போதும் பேட்டரியைக் குடிக்கிறது என்று உலகமெங்கும் புகார் எழுந்தது. அவ்வருஷம் அக்டோபரில் தங்கள் செயலியில் கோளாறு இருந்ததை அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டு திருத்தியது. அதனால்தான் செயலிகளை அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்கிறோம். வீட்டிலோ பட்டணத்திலோ வைஃபை கிடைக்கும்போது இதைச் செய்யுங்கள்.

நம் பக்கத்தில் அதிகம் தின்பது வாட்ஸ்அப் குரூப்புகள்தான். சங்கத்துக் குரூப், கோயில் குரூப், பள்ளி குரூப், சொந்தக்காரர் குரூப் என்று பத்து இருக்கும். விடிந்தால் ஐம்பது “காலை வணக்கம்” படம், இருபது வீடியோ. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவை தானாக இறங்கும். அலை குறைந்த காட்டுக்குள் ஒரு வீடியோ இறங்கப் போன் படும் பாடு கொஞ்சமல்ல. வாட்ஸ்அப் செட்டிங்ஸில், மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி நிறுத்தி வையுங்கள். டேட்டாக் காசும் மிஞ்சும்.

தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி இன்னும் ஆபத்து. 2019ஆம் வருஷம் ‘டிரெய்னர்பாட்’ என்ற ஏமாற்று வேலையை ஆரக்கிள் கம்பெனி வெளிப்படுத்தியது. சாதாரணச் செயலிகளுக்குள் ஒளிந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் விளம்பர வீடியோக்களை ஓட்டி, பேட்டரியையும் மாதம் 10 ஜிபி வரை டேட்டாவையும் அது தின்றுவந்தது. நம் நாட்டிலும் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ கோப்பை அனுப்பி, அதைத் தொட்டவரின் பேங்க் பணத்தைச் சுரண்டியவர்கள் உண்டு. திடீரென்று போன் சூடாகி, பேட்டரி வேகமாக இறங்கி, நாம் போடாத செயலி ஒன்று தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். டேட்டாவை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே பேங்குக்கும், 2022இல் தொடங்கப்பட்ட மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் வேறொரு போனிலிருந்து சொல்லுங்கள்.

“பேட்டரியை மிச்சப்படுத்தித் தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நம்ப வேண்டாம். போனுக்குள்ளேயே பேட்டரி சேமிப்பு முறை இருக்கிறது, அது போதும். திறந்த செயலிகளை நிமிஷத்துக்கு ஒருமுறை தள்ளித் தள்ளி மூடுவதும் பிரயோசனமில்லை. மூடியதை மறுபடி புதிதாகத் திறக்கத்தான் அதிகம் செலவாகும்.

திரை வெளிச்சத்தையும் கவனியுங்கள். வெட்டவெளியில் வெயிலுக்கு ஈடாகத் திரை தானே பளிச்சென்று ஏறிக்கொள்ளும். நிழலுக்கு வந்து பாருங்கள். திரை அணையும் நேரத்தை 30 விநாடியாக வையுங்கள்.

ரேடியோ பேட்டரி வேறு, இது வேறு

தோட்டத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாட்டு இழுத்துக்கொண்டு போனால், பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி வாசலில் வெயிலில் காயவைப்போம். கொஞ்ச நேரம் உயிர் வந்து பாடும். அந்த உலர் பேட்டரிக்கு அது சரி.

போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991ஆம் வருஷம் சோனி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு 2019ஆம் வருஷம் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பேட்டரிக்கு வெயில்தான் எமன். 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் வைத்தால் அதன் ஆயுசு குறையும். குறைந்தது திரும்பி வராது. மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் போட்டு வைப்பது, தகரக் கூரைக்கு அடியில் அலமாரி மேல் சார்ஜ் போடுவது, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது ஆகிய மூன்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள். சூடான போனை ஐஸ் பெட்டிக்குள் வைக்கவும் வேண்டாம். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

பழைய நம்பிக்கை இன்னொன்றும் உண்டு. “முழுசா செத்த பிறகுதான் சார்ஜ் போடணும்” என்பார்கள். அது பழைய நிக்கல் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியம் பேட்டரியைச் சாகவிடக் கூடாது. இருபதுக்குக் கீழே போகாமலும், முடிந்தபோது எண்பது தொண்ணூறோடு நிறுத்தியும் வந்தால் அதிக நாள் உழைக்கும்.

சார்ஜர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத சார்ஜர் போனையும் கெடுக்கும், வீட்டையும் கெடுக்கும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு கால் சார்ஜரை நம் மூன்று ஓட்டைப் பிளக்கில் சொருக, மேல் ஓட்டையில் குச்சியையோ பேனாவையோ விட்டு நெம்புகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு நாளைக்குக் கம்பியை விட்டு நெம்பும். அடாப்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். இடுப்பில் ஈரத் துண்டோடும் காலில் செருப்பில்லாமலும் போனைச் சார்ஜோடு பிடித்துப் பேசுவதும் வேண்டாம்.

வயதாகிவிட்டால்

எவ்வளவு பார்த்தாலும் பேட்டரிக்கும் வயதாகும். பழைய மாடல்கள் பலவற்றில் சுமார் 500 முறை முழுச் சார்ஜ் ஆனதும் கொள்ளளவு எண்பது விழுக்காட்டுக்கு வந்துவிடும். அப்படியானால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாற்றவேண்டி வருவது இயற்கை. ஐபோனில் செட்டிங்ஸிலேயே பேட்டரி நலம் என்று காட்டும். சாம்சங் போனில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ செயலியில் சோதிக்கலாம்.

போன் மெதுவாக ஓடினாலும் காரணம் பேட்டரியாக இருக்கலாம். பேட்டரி பலவீனமான பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. புதுப் போன் வாங்கவேண்டும் என்று நினைத்த எத்தனையோ பேருக்குப் புதுப் பேட்டரியே போதுமாயிருந்தது. நமக்கும் அது பொருந்தும். இரண்டு கடையில் விலை கேளுங்கள். எத்தனை மாதம் உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கடையில் கொடுக்கும் முன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பேங்க் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

போனின் முதுகு உப்பியிருந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். 2016ஆம் வருஷம் சாம்சங் நோட் 7 போன்கள் பேட்டரிக் குறையால் தீப்பற்றியதால் அந்த மாடலையே உலகம் முழுதும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. லயத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் குப்பையில் பழைய பேட்டரியைப் போட்டால் வெடிக்கும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் என்னாவது? போன் கடையிலோ மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

ஒருவர் கேட்டால் கிடைக்காது

மேலே சொன்னது எல்லாம் நம் கையில் இருப்பது. நம் கையில் இல்லாததும் உண்டு. கோபுரம் தூரத்தில் இருந்தால், எவ்வளவு சிக்கனம் செய்தாலும் போன் கத்திக்கொண்டுதான் இருக்கும். 2020ஆம் வருஷம் சபாவில் பித்தாஸ் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி பரீட்சை எழுத அலை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அவர் சொன்ன பிறகுதான் அந்தக் குறை நாட்டுக்குத் தெரிந்தது. நம் டிவிஷனின் குறையையும் நாம்தான் சொல்ல வேண்டும். எந்தக் காட்டு நம்பரில், எந்தக் கம்பெனிக்கு, எத்தனை மணிக்குக் கோடு இல்லை என்று ஒரு வாரம் குறித்து, லயத்தார் எல்லாரும் கையெழுத்திட்டு, சங்கக் கிளை வழியாகத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். “லைன் இல்லை சார்” என்று வாயால் சொல்வதற்கும், தேதியோடு எழுதிக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மின்சாரமும் அப்படித்தான். தோட்டத்தில் முதலாளி கொடுக்கும் வீட்டுக்குப் போதுமான மின்சார வசதி இருக்க வேண்டும் என்று 1990ஆம் வருஷத்து 446ஆவது சட்டம் சொல்கிறது. விளக்கு மங்குகிறது, பிளக் எரிந்து கிடக்கிறது, அடிக்கடி கரண்டு போகிறது என்றால் அது தலைவிதியல்ல. நிர்வாகத்திடமும், சரிப்படாவிட்டால் தொழிலாளர் இலாகாவிடமும் கேட்க வேண்டிய குறை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு ராத்திரிச் சோதனையைச் செய்யுங்கள். வாட்ஸ்அப் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பிறகு பக்கத்து வீட்டுத் தாத்தாவின் போனையும் வாங்கிப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தினம் மூன்று தடவை சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பவர் அவராகத்தான் இருப்பார்.